கையெழுத்து ஆவணங்களைக் கணினியிடம் படிக்கக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பதிவேடுகள், கடிதங்கள், நாட்குறிப்புகள், படிவங்கள் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கத்தக்க தமிழ் உரையாக மாற்றத் திட்டமிடும் நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், பல்கலைக்கழகத் துறைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இத்தகைய பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் "எழுத்துணரியின் துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது" என்பது போன்ற ஒரு வரியைத்தான் பெரும்பாலும் நிபந்தனையாக வைக்கிறீர்கள். எதில் 95? தனி எழுத்திலா, சொல்லிலா, பக்கத்திலா? யார் எழுதிய பக்கத்தில்? எந்த அலகில் எண்ணி? இவற்றைச் சொல்லாத நிபந்தனையை எவரும் நிறைவேற்றிக் காட்டலாம். காட்டிய பிறகு, உங்கள் கைக்கு வரும் உரை பயன்படாமல் போகவும் செய்யலாம். இரண்டுக்கும் முரண்பாடு கிடையாது. எந்த மென்பொருளை வாங்குவது என்பதைவிட எதை அளந்து வாங்குவது என்பதே இந்த வேலையில் பெரிது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் தனி எழுத்துக் கணக்கை ஒதுக்கிவிடுவோம். கையெழுத்தறிதலில் நெடுங்காலம் ஆய்வு நடந்தது இதில்தான். கட்டத்துக்குள் ஓர் எழுத்து எழுதப்படும். அதைச் சின்னப் படமாகச் சுருக்கி, "இது எந்த எழுத்து?" என்று கணினியைக் கேட்பார்கள். தொடக்கத்தில் படத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மை, எந்தத் திசையில் கோடு என்று மனிதரே வகுத்த அளவுகளைக் கணக்கிட்டு ஒரு வகைப்படுத்தியிடம் கொடுத்தார்கள். பிறகு அந்த அளவுகளையும் கணினியே கற்றுக்கொள்ளும் கன்வலூஷன் நெட்வொர்க் வந்தது. தமிழுக்கும் 2006-இல் ஒரு போட்டி நடந்தது. பேனா முனையின் நகர்வைப் பதிவு செய்த தனி எழுத்துகளை 156 வகைகளாகப் பிரித்து அறிய வேண்டும் என்பது பணி. 247 எழுத்து எப்படி 156 ஆயிற்று என்றால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் போன்றவை மெய்யோடு ஒட்டாமல் தனித்து நிற்பதால் அவற்றைத் தனி வடிவங்களாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் பதிவேட்டில் எழுத்துகள் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. ஒட்டி எழுதிய எழுத்துகளைப் பிரிக்க வேண்டுமானால் அவை என்ன எழுத்துகள் என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் பிரிக்க வேண்டும். 1973-இல் கென்னத் சேயர் சுட்டிய இந்தச் சிக்கல் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. எனவே தனி எழுத்தில் 98 சதவீதம் என்று ஒருவர் காட்டும் அட்டவணை, பிரிக்கும் வேலையை வேறு யாரோ பிழையின்றி முடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, அலகு. எழுத்துப் பிழை விகிதம் என்பது எளிய கணக்கு. கணினி தந்த உரையைச் சரியான உரையாக்க எத்தனை எழுத்துகளை மாற்ற வேண்டும், நீக்க வேண்டும், சேர்க்க வேண்டும் என்று கூட்டி, சரியான உரையின் எழுத்து எண்ணிக்கையால் வகுப்பது. 5 சதவீதப் பிழை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டெழுத்துச் சொல் ஒன்று முழுதும் சரியாக வர வாய்ப்பு எவ்வளவு? 0.95-ஐ எட்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.66. அதாவது மூன்றில் ஒரு சொல் பழுது. 200 சொல் கொண்ட பக்கத்தில் 67 சொல். நடைமுறையில் பிழைகள் ஆங்காங்கே குவிந்து கிடப்பதால் இது சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனாலும் ஒட்டும் விகுதியும் உருபும் சேர்ந்து நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இந்தக் கணக்கு கடுமையானது. ஆகவே எழுத்துப் பிழை விகிதத்தோடு சொற்பிழை விகிதத்தையும் கேளுங்கள்.

"எழுத்து" என்று எதை எண்ணுகிறார்கள் என்பதும் தமிழில் சிறு விஷயமன்று. பக்கத்தில் இருப்பது "கொடு". கணினி படித்தது "கெடு". ஒரு துணைக்கால் விட்டுப் போயிற்று, பொருள் தலைகீழாகிவிட்டது. யூனிகோட் குறிகளாக (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்குறிகளாக) எண்ணினால் க, ொ, ட, ு என நான்கில் ஒன்று பிழை, 25 சதவீதம். நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணினால் கொ, டு என இரண்டில் ஒன்று பிழை, 50 சதவீதம். படமும் விடையும் ஒன்றே. பிழை விகிதம் மட்டும் இரு மடங்கு வேறுபடுகிறது. விற்பவர் எதைச் சொல்வார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. "கொ" என்பதில் உள்ள ொ குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ெ, ா என்ற இரண்டு குறிகளின் தொடராகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்புநோக்கும் உரையில் ஒரு வகையும் கணினி தந்த உரையில் மற்ற வகையும் இருந்தால், சரியாகப் படித்த எழுத்துக்கே இரண்டு பிழை விழும். ஒப்பிடுமுன் இரு உரைகளையும் ஒரே இயல்வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஔகாரத்தில் நிலைமை இன்னும் மோசம். "கௌதமன்" என்பதைத் தட்டச்சிடுவோரில் பலர் ஒற்றைக்கொம்பு, க, ளகரம் என்று "கெளதமன்" என்றே அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். பயிற்சி உரையில் இரண்டும் கலந்து கிடந்தால், ஒரே வடிவத்துக்கு இரண்டு விடை என்று மாடல், அதாவது எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் படிக்கப் பழகும் நிரல், கற்றுக்கொள்கிறது. ஸ்ரீ-யையும் இப்படி ஸ, ஶ என்ற இரண்டு முதலெழுத்துகளால் எழுத முடியும். எது உங்கள் தெரிவு என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

இனி, புள்ளி. தமிழ்க் கையெழுத்துப் பணிகளில் பெரும் பிழை பிறக்கும் இடம் இதுதான், அதுவும் மாடலைத் தொடும் முன்பே. ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ரகர மெய்யில் இன்னும் வினோதம்: கையெழுத்தில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு பெரும்பாலும் இருப்பதில்லை, இது துணைக்கால் அல்ல என்று காட்டுவதே மேலிருக்கும் புள்ளிதான்.

அந்தப் புள்ளி ஸ்கேனில் எவ்வளவு பெரிது? 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 12 பிக்சல். பேனா முனையால் வைத்த அரை மில்லிமீட்டர் புள்ளி 6 பிக்சல் அகலம். 10 மில்லிமீட்டர் உயர வரி 118 பிக்சல். பல மாடல்களில் வரிப் படத்தை 32 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிக் கொடுப்பது வழக்கம். புள்ளிகளின் சுமை குறைந்த எழுத்துமுறைகளுக்கு அமைத்த அளவு அது. 118-ஐ 32 ஆக்கினால் நம் புள்ளி 1.6 பிக்சலாகி, வெளிறிய சாம்பல் கறையாகக் கரைந்துவிடும். வரி உயரம் 64-க்குக் குறையவே கூடாது. நெருக்கி எழுதிய ஏடுகளுக்கு 96 அல்லது 128. கணினிக்கு வேலை கூடும், கூடட்டும்.

சுருக்கும் முன்பே புள்ளி பறிபோகும் வழிகளும் பல. ஸ்கேன் செய்பவர் கோப்பு பெருக்கிறதே என்று ஜேபெக் முறையில் இறுக்கிச் சேமிப்பார். அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி நுண்ணிய மாறுபாடுகளைக் கழித்துவிடுவது. 6 பிக்சல் புள்ளி முழுசாக ஒரு கட்டத்துக்குள் அடங்கிப் போகும். இழப்பில்லாத டிஃப் கோப்பாக, வண்ணத்திலோ சாம்பல் நிறப்படியிலோ, 300 டிபிஐ-க்குக் குறையாமல், சிற்றெழுத்து ஏடுகளுக்கு 400-இல் எடுக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுத்துவிட்டு மூலத்தைத் திரும்பக் கட்டிவைப்பது இந்தப் பணியில் செய்யக்கூடிய மிக விலையுயர்ந்த சிக்கனம்.

அதன் பிறகு "தூசி நீக்கம்" என்ற படி. குறிப்பிட்ட பரப்புக்குக் குறைந்த தனித்த மைத்துளிகளை அழிக்கும் நிரல் அது. 6 பிக்சல் விட்டமுள்ள புள்ளியின் பரப்பு சுமார் 28 பிக்சல். நிரலின் வரம்பு 30 என்று இருந்தால் ஏட்டின் புள்ளிகளில் கணிசமானவை தூசியோடு தூசியாகப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. இந்தப் படியை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பார்த்தீர்களா என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள். பெரும்பாலும் நிறுத்தினாலே போதும். இன்றைய மாடல்கள் தூசியைத் தாமாகவே புறக்கணிக்கக் கற்கின்றன. இல்லாத புள்ளியைக் கற்க முடியாது.

மையையும் தாளையும் பிரிக்கும் படியிலும் இதே கதைதான். ஒட்சு என்ற ஆய்வாளர் 1979-இல் தந்த முறை படம் முழுமைக்கும் ஒரே வரம்பைத் தேர்ந்தெடுக்கும். மூலையில் ஈரக்கறை படிந்த பக்கத்தில் அந்த மூலை முழுதும் கறுத்துவிடும், மங்கிய பகுதி வெளுத்துவிடும். சவோலா முறை ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் ஒரு சதுரத்தை எடுத்து, அதன் சராசரி ஒளிர்வையும் மாறுபாட்டையும் கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் வரம்பு வகுக்கும். அதில் கே என்றொரு மாறி உண்டு. 0.5 வைத்தால் தாள் தூய்மையாகும், ஆனால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். மங்கிய மைக்கு 0.2 பக்கம் இறக்க வேண்டும். சதுரம் கோட்டின் தடிமனைவிட நன்றாகப் பெரிதாயிருக்க வேண்டும், இல்லையேல் தடித்த கோட்டின் உள்வயிறு வெளுத்துப் பொள்ளலாகும். எங்களைக் கேட்டால், சாம்பல் நிறப் படத்தையே மாடலுக்குக் கொடுப்பது நல்லது. இருநிறப் படம் வரிகளைப் பிரிக்கும் வேலைக்கு மட்டும் போதும்.

கோடு போட்ட தாள் தனிச் சங்கடம். எழுதுபவர் எழுத்தைக் கோட்டின் மேல் உட்கார வைக்கிறார். டகரத்தின் அடிக்கோடும் பகரத்தின் அடிக்கோடும் தாளின் கோட்டோடு ஒன்றாகிவிடும். அச்சுக் கோட்டை நீக்கும் நிரலை ஓட்டினால் ட ஒரு செங்குத்துக் கோடாகவும் ப இரண்டு செங்குத்துக் கோடுகளாகவும் மிஞ்சும். தாளின் கோடு ஒரு நிறத்திலும் மை வேறு நிறத்திலும் இருந்து, ஸ்கேனும் வண்ணத்தில் இருந்தால் நிறத்தால் பிரிக்கலாம். இரண்டும் நீலமானால் கோட்டைத் தொடாமல் அப்படியே விட்டு, கோடுள்ள தாள்களையே பயிற்சியில் சேர்ப்பதுதான் வழி.

வரிகளைப் பிரிப்பதில் ஒன்றே ஒன்று. கிடைமட்டமாக மையின் அளவைக் கூட்டி, பள்ளம் விழும் இடத்தில் வெட்டும் பழைய முறை, சாய்ந்தும் வளைந்தும் ஓடும் வரிகளில் தோற்கும். மேல்வரியின் உகர ஊகாரச் சுழிப்பு கீழே தொங்கும், கீழ்வரியின் புள்ளி மேலே எட்டிப் பார்க்கும்; நீள்சதுரமாக வெட்டினால் புள்ளி மேல்வரிக்குச் சொந்தமாகிவிடும். எழுத்துகள் உட்காரும் அடிக்கோட்டை நெட்வொர்க்கால் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வளைந்த எல்லை வரைந்து வெட்டும் முறையைக் கேளுங்கள். கிராக்கன், டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகளில் இது உள்ளது. பலரும் பயன்படுத்தும் டெசராக்ட் என்ற எழுத்துணரி அச்சு எழுத்துக்கானது. அதைக் கையெழுத்தின் மேல் ஓட்டிவிட்டு "தமிழுக்கு இன்னும் வரவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது மாடலுக்கு வருவோம். பிரிக்கும் சிக்கலைத் தாண்டியது 2006-இல் அலெக்ஸ் கிரேவ்ஸும் உடனாளிகளும் முன்வைத்த சிடிசி என்ற பயிற்சி முறையால். வரிப் படத்தை இடமிருந்து வலமாக மெல்லிய பட்டைகளாகப் பார்த்து, ஒவ்வொரு பட்டையிலும் ஓர் எழுத்தையோ "ஒன்றுமில்லை" என்ற வெற்றுக் குறியையோ மாடல் சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் வரும் ஒரே விடைகளைச் சேர்த்து, வெற்றுக் குறிகளை நீக்கினால் உரை. எந்த எழுத்து எந்த இடத்தில் என்று யாரும் குறித்துத் தர வேண்டியதில்லை, வரிப் படமும் அந்த வரியின் உரையும் போதும். கன்வலூஷன் அடுக்குகள், மேலே வரியை இருபுறமிருந்தும் படித்து நினைவில் வைக்கும் இருதிசை எல்எஸ்டிஎம் அடுக்கு, முடிவில் சிடிசி என்ற அமைப்பு இன்றும் குறைந்த தரவில் நம்பகமாக உழைக்கிறது.

தமிழில் இதைப் போடும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, பட்டைகளின் எண்ணிக்கை. 1,200 பிக்சல் அகல வரியை 8 மடங்கு குறுக்கினால் 150 பட்டை. 45 எழுத்துள்ள வரி யூனிகோட் குறிகளாக 80 ஆகலாம், 150-இல் அடங்கும். 16 மடங்கு குறுக்கினால் 75 பட்டைதான்; 80 குறிகளை அதில் வெளியிடவே முடியாது. "தத்துவம்" போல ஒரே குறி அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு வெற்றுக் குறியும் வேண்டும்: எட்டுக் குறிகளுக்குக் குறைந்தது ஒன்பது பட்டை. பற்றாக்குறை வந்தால் அந்த வரியின் இழப்பு (மாடல் எவ்வளவு தவறியது என்று பயிற்சியில் அளக்கும் எண்) முடிவிலியாகும். சில நிரல்தொகுப்புகளில் அப்படிப்பட்ட வரிகளைப் பூச்சியமாக்கி விட்டுச் செல்லும் விருப்பத் தெரிவு உண்டு. அதை இயக்கிவிட்டால் பயிற்சி ஓசையில்லாமல் ஓடி முடியும். நெருக்கி எழுதிய நீண்ட வரிகளை மட்டும் மாடல் கற்றிருக்காது.

இரண்டாவது, வரிசை. தாளில் "கெ" என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. சிடிசியோ இடமிருந்து வலமாகத்தான் நகரும். இருதிசை எல்எஸ்டிஎம் இருபுறமும் பார்ப்பதால் ஓரளவு சமாளிக்கும். தரவு சில ஆயிரம் வரிகளே இருக்கும்போது இந்த முன்பின் மாற்றத்தைக் கற்பதிலேயே அதன் சக்தி செலவாகும். பயிற்சி உரையைக் கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கு மாற்றிக் கொடுத்து, விடையை மீண்டும் யூனிகோட் வரிசைக்குத் திருப்புவது நல்ல வழி. திருப்பும் விதியில் ஒரு கிடுக்கிப்பிடி உண்டு: கொம்பு, க, துணைக்கால் போன்ற வடிவம் என்று வந்தால் அது "கொ"வா, "கெர"வா? வடிவம் சொல்லாது. அங்கேதான் எந்தத் தொடர் தமிழில் வரக்கூடியது என்று சொல்லும் மொழி மாடல் வர வேண்டும்.

மொழி மாடலைச் சொற்பட்டியலாகக் கட்டாதீர்கள். "வந்துகொண்டிருந்தார்களாம்" போன்றவற்றுக்கு எந்தப் பட்டியலும் போதாது. எழுத்துத் தொடர்களின் நிகழ்தகவைக் கொண்டு கட்டுவது தமிழுக்கு ஒத்துவரும். அதன் எடையை அளவோடு வையுங்கள். எடை மிகுந்தால் ஊர்ப்பெயர், ஆள்பெயர், பழைய எழுத்துக்கூட்டல் எல்லாம் இன்றைய பழகிய சொற்களாக "திருத்தப்பட்டு" வெளிவரும்.

படத்தை ஒரு பகுதி பார்க்க, மற்றொரு பகுதி உரையை எழுதிக்கொண்டே போகும் டிரான்ஸ்ஃபார்மர் மாடல்களில் இந்த ஆபத்து பல மடங்கு. 2021-இல் வந்த டிரோசிஆர் இந்த வகை. வலிமையானவைதான்; ஐயமில்லை. ஆனால் சிடிசி மாடல் தடுமாறினால் உளறும், பார்த்தவுடன் தெரியும். இவை தடுமாறினால் இலக்கணம் பிசகாத, பக்கத்தில் இல்லாத ஒரு தொடரை எழுதிவைக்கும். மெய்ப்புத் திருத்துபவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எல்லாவற்றையும் செய்யும் பெரிய மொழி மாடல்களிடம் பக்கப் படத்தைக் கொடுப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெயரும் தொகையும் தேதியும் முக்கியமான ஆவணமென்றால், உரையின் ஒவ்வொரு சொல்லுக்கும் படத்தில் அதன் இடத்தைக் காட்ட முடியாத எந்த அமைப்பையும் ஏற்காதீர்கள்.

திரையில் பேனாவால் எழுதும்போதே அறியும் முறை வேறு உலகம். அங்கே கோட்டின் வரிசையும் திசையும் கையில் இருக்கும். கடினம் பாதி குறையும். சொல்லை எழுதி முடித்துவிட்டுப் பிறகு போய்ப் புள்ளி வைப்பவர்கள்தான் அங்கும் தலைவலி. படிவத்தைத் தாளில் வாங்குவதா, திரையில் வாங்குவதா என்ற தெரிவு உங்களுக்கு இருந்தால், இரண்டாவதைத் தயங்காமல் எடுங்கள்.

பயிற்சிக்கான உரையைப் படியெடுப்பவர்களுக்கு நீங்கள் தரும் நெறிமுறை, மாடலின் தெரிவைவிட விளைவைப் பாதிக்கும். தாளில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்; ஒற்று விடுபட்டிருந்தால் விடுபட்டபடியே. நல்ல தமிழாசிரியர்களுக்கு இது கை கூசும் வேலை. பிழையைத் திருத்தித் திருத்திப் படியெடுத்தால், இல்லாத ஒற்றை இருப்பதாகக் கருத மாடலைப் பழக்குகிறோம். அடித்த சொல், படிக்க முடியாத இடம், வரிக்கு மேலே செருகிய சொல் ஆகியவற்றுக்குக் குறியீடுகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுத்து, மாறுபடும் இடங்களை மூன்றாமவர் தீர்ப்பது நல்லது. அந்த இருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டு விகிதத்தையும் குறித்துவையுங்கள். மனிதர் இருவரே 3 சதவீதம் வேறுபடும் ஏட்டில் கணினி 1 சதவீதப் பிழையோடு படிக்கிறது என்று யாரேனும் சொன்னால், சோதனை முறையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

காலமும் கணக்கில் வர வேண்டும். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் 13 எழுத்துகள் மாறின: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. அதற்கு முந்திய ஏடுகளில் லை, னை முதலியவை மேல்வளைந்த துதிக்கை வடிவில் இருக்கும். முந்திய வழக்கில் எழுதிப் பழகிய கைகள் பிறகும் அப்படியே எழுதின. யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறி என்பது நமக்கு வசதி. ஆனால் பயிற்சிப் பக்கங்களில் இரு வடிவங்களும் போதிய அளவில் இருக்க வேண்டும். ஓலைச்சுவடியென்றால் புள்ளியே இராது, எகர ஏகாரக் குறில் நெடிலும் பிரித்தறிய முடியாது. அங்கே கணினி தருவது வாசிப்புக்கு உதவும் முதற்படி மட்டுமே. தாள் ஆவணத்துக்கு வைத்த அளவுகோலை அதற்கு வைக்க வேண்டாம். கணக்கேடுகளில் தமிழ் எண்கள் வேறு: ௧ ககரம் போல, ௨ உகரம் போல, ௭ எகரம் போல, ௮ அகரம் போல. ௳, ௴, ௵, ௹ போன்ற குறிகளுக்கும் யூனிகோடில் இடம் உண்டு. அவற்றை நாள், மாதம், வருடம், ரூபாய் என்று விரித்து எழுதாமல் குறியாகவே படியெடுக்கச் சொல்லுங்கள். விரிப்பதைப் பிறகு ஒரு நிரல் செய்துகொள்ளும்.

சோதனைப் பக்கங்களை யார் தேர்வது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கையால் எழுதிய எண்களின் படத் தொகுப்பான எம்னிஸ்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்கள் எழுதிய எண்களைப் பயிற்சிக்கும், பள்ளி மாணவர்கள் எழுதியவற்றைச் சோதனைக்கும் என்று வைத்திருந்தது. ஊழியர்கள் கை தெளிவு, மாணவர்கள் கை அவ்வளவு தெளிவில்லை. இந்தப் பிரிவால் கிடைக்கும் எண் மென்பொருளைப் பற்றியதா, எழுதியவர்களைப் பற்றியதா என்றே சொல்ல முடியவில்லை. ஆகவே இரண்டையும் கலந்து, 60,000 பயிற்சிக்கு, 10,000 சோதனைக்கு என்று பிரித்தார்கள்; ஒரே ஆளின் எழுத்து இரண்டு பக்கமும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பணியிலும் சோதனைப் பக்கங்களை எழுதிய கை பயிற்சியில் இருக்கக் கூடாது. ஒரே எழுத்தரின் ஏடு முழுவதையும் படிப்பதே நோக்கமானால் இந்த விதி தேவையில்லை. அப்போது அவருடைய பக்கங்களிலேயே பயிற்றலாம். இரண்டில் எது உங்கள் நிலைமை என்று அறிவிப்பில் சொல்லுங்கள். சோதனைப் பக்கங்கள் உங்கள் பெட்டியில் பூட்டியிருக்கட்டும். ஒப்பந்ததாரர் கையில் படம்கூட இருக்க வேண்டாம்.

எவ்வளவு பயிற்சிப் பக்கம் வேண்டும்? ஒரு கைக்கு அல்லது நெருங்கிய சில கைகளுக்கு 5,000 முதல் 15,000 சொற்கள் வரை படியெடுத்தால் பயனுள்ள மாடல் கிடைக்கும் என்பது டிரான்ஸ்கிரிபஸ் தரும் வழிகாட்டு அளவு. மொத்தத்தையும் முதலிலேயே படியெடுக்க வேண்டாம். 20 பக்கம் படியெடுத்துப் பயிற்றி, அடுத்த 20 பக்கத்தை மாடலைக் கொண்டு படிக்கவைத்துத் திருத்தி, மீண்டும் பயிற்றுங்கள். வெறுந்தாளிலிருந்து தட்டச்சிடுவதைவிடத் திருத்துவது எளிதாகும் கட்டம் பெரும்பாலும் எழுத்துப் பிழை 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது வரும். செயற்கையாகப் பெருக்கும் பயிற்சிப் படங்களில் இரண்டு மூன்று பாகைச் சாய்வு, மெல்லிய நெளிவு, கோட்டுத் தடிமன் மாற்றம் போதும். நெளிவை மிகுத்தால் ணகரத்தின் சுழியொன்று அடைந்து னகரம் போலாகிவிடும். அந்தப் படத்துக்கான பயிற்சி உரையில் ண என்றே இருக்கும்.

கடைசியாக, "தெரியவில்லை" என்று சொல்லும் உரிமையை மென்பொருளுக்குக் கொடுங்கள். 1998-இல் கணினி ஆய்வாளர் யான் லெகுன் குழுவினர் வெளியிட்ட காசோலை படிக்கும் அமைப்பின் கதையில் துல்லியத்துக்கு ஒற்றை எண் இல்லை. 50 சதவீதம் சரியாகப் படித்து, 49 சதவீதத்தை மனிதரிடம் ஒதுக்கி, 1 சதவீதம் மட்டும் தவறினாலே அது வணிகத்துக்குக் கட்டுபடியாகும் என்பது அவர்கள் வைத்த வரம்பு. பாதியைப் படிக்க மறுத்த இயந்திரம் பயனுள்ளது என்று எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் அறிவிப்பிலும் மூன்று எண்கள் இருக்கட்டும்: சரி, ஒதுக்கியது, தவறு. தவறின் வரம்பை முதலில் நிர்ணயித்துவிட்டு, ஒதுக்கியதைக் குறைத்துக்கொண்டே வருபவருக்கு வேலையைக் கொடுங்கள். பெயர், தொகை, தேதி ஆகியவற்றின் பிழையைத் தனியாகக் கேளுங்கள். மொத்தச் சராசரிக்குள் அவை மறைந்துவிடும்.

தேடல் மட்டும்தான் நோக்கம் என்றால் முழுச் சரியான உரை தேவையே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மாடல் ஐயத்தோடு கருதிய முதல் ஐந்தாறு வாசிப்புகளையும் நிகழ்தகவோடு சேமித்து, அவற்றின் மேல் தேடலாம். "கொடு" என்று தேடுபவருக்கு "கெடு" என்று முதலிடத்தில் படிக்கப்பட்ட சொல்லும் சிக்கும். படத்தைப் பார்த்து அவர் தீர்மானித்துக்கொள்வார். இது மலிவும் கூட.

பணி முடிந்து நீங்கள் பெற்றுக்கொள்ள வேண்டியவை உரைக் கோப்பு மட்டுமல்ல. இறுக்காத மூலப் படங்கள், பேஜ் எக்ஸ்எம்எல் அல்லது ஆல்ட்டோ என்ற பொதுக் கோப்பு வடிவில் ஒவ்வொரு வரியின் எல்லையும் அதன் உரையும், படியெடுப்பு நெறிமுறை, பயிற்சிக்குப் பயன்பட்ட பக்கங்களின் பட்டியல், பயிற்றிய மாடல் கோப்பு, இத்தனையும் உங்கள் வசம் வர வேண்டும் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
தமிழ்க் கையெழுத்தறிதல் பணியில் ஈடுபட்டிருப்போர்